பூர்வக்குடி கிராமத்தின் காட்டையும் ஆற்றையும் ட்ரோனால் படமாக்குவது எப்படி: சுங்கை சிப்புட் இளைஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் திருமணம், தைப்பூசம், கோவில் திருவிழா ஆகியவற்றுக்கு ட்ரோன் பறக்கவிட்டுப் பழகிய தமிழ் இளைஞர்கள் இப்போது நிறையவே இருக்கிறார்கள். நகரிலிருந்து லாசா வழியாக மலைக்குள் போனால், பிளஸ் ஆற்றின் மேற்பகுதியில் குவாலா மூ, போஸ் போய் முதலிய, தெமியார் என்னும் பூர்வக்குடியினரின் கிராமங்கள் வருகின்றன. காட்டில் எங்கே மரம் வெட்டப்படுகிறது, ஆறு எந்த இடத்திலிருந்து கலங்கி வருகிறது, தாங்கள் வாழ்ந்து பயிரிட்டுவரும் நிலம் எதுவரை உள்ளது என்பவற்றைப் படத்தோடு காட்ட வேண்டிய தேவை மலைக் கிராமங்களுக்கு அடிக்கடி வருகிறது. கருவியும் அதை ஓட்டும் பழக்கமும் நம்மிடம் இருப்பதால், அப்படி உதவி கேட்டு வருபவர்களோடு சேர்ந்து இந்த வேலையை முறையாகச் செய்வது எப்படி என்பதை இங்கே விளக்குகிறேன்.

தொடங்குமுன் மனத்தில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. மேலிருந்து எடுக்கும் படத்தில் மரங்களின் தலைதான் தெரியும். அந்த மரத்தை நட்டவர் யார், அதன் அடியில் யாருடைய கல்லறை இருக்கிறது, அந்த ஓடைக்கு என்ன பெயர் என்பதெல்லாம் அந்தக் காட்டில் நடந்து வளர்ந்தவர்களுக்கே தெரியும். அவர்கள் சொல்வது சேராத வரையில், எவ்வளவு தெளிவான படமும் ஒரு பச்சை விரிப்பாகவே நின்றுவிடும். ஆகையால் இந்த வழிகாட்டியில் பறப்பைவிட, அதற்கு முன்னும் பின்னும் தரையில் செய்ய வேண்டியவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

சம்மதம் வாங்கும் முறை

முதற்பயணத்தில் ட்ரோனை எடுத்துச் செல்ல வேண்டாம். கிராமத் தலைவரான தோக் பத்தினை நேரில் சந்தித்து, யார் கேட்டு வந்திருக்கிறீர்கள், எதைப் படமெடுக்கப் போகிறீர்கள், அந்தப் படம் எங்கே போகும் என்பதை மலாய் மொழியில் நிதானமாகச் சொல்லுங்கள். அவர் ஒருவர் தலையசைத்தால் போதும் என்று திரும்பிவிடக் கூடாது. பெண்களும் இளையோரும் கலந்துகொள்ளும் கூட்டம் ஒன்றை அவரையே கூட்டச் சொல்லி, வேறு யாரோ எடுத்த வான்வழிப் படத்தை அங்கே அச்சில் காட்டி, தங்கள் வீட்டுக் குளியலிடம்கூட இவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பதை அவர்கள் கண்ணால் பார்த்த பிறகே முடிவைக் கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லவும், பாதியில் நிறுத்தச் சொல்லவும் அவர்களுக்கு உரிமை உண்டு. சுதந்திரமாகவும் முன்கூட்டியும் விவரம் அறிந்தும் கொடுக்கப்படும் சம்மதம் என்பது, ஐக்கிய நாடுகள் சபை 2007இல் ஏற்ற பூர்வக்குடியினர் உரிமைப் பிரகடனத்தின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. மலேசியாவும் அதற்கு ஆதரவாக வாக்களித்திருக்கிறது.

கூட்டத்தில் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும்: எந்த இடங்களைப் படமெடுக்கக் கூடாது, மூலப் படங்கள் யாரிடம் இருக்கும், யாருடைய அனுமதியுடன் அவை வெளியே போகும். இவற்றுள் முதற்கேள்விதான் மிக முக்கியமானது. கல்லறைகள், அகில் தரும் காரு மரங்கள், விலங்குகள் உப்பு நக்க வரும் இடங்கள் ஆகியவற்றின் சரியான இருப்பிடம் ஒருமுறை இணையத்தில் ஏறிவிட்டால், மரக் கள்ளர்களும் வேட்டைக்காரர்களும் வழி கேட்காமலேயே வந்து சேர்வார்கள். அதேபோல், கிராமத்தார் தங்கள் மலைநெல்லுக்காகத் திருத்திய நிலத்தின் படத்தையே, காட்டை அழிப்பவர்கள் அவர்கள்தான் என்று காட்ட இன்னொருவர் பயன்படுத்தலாம். ஒவ்வொரு படத்தையும் வெளியாருக்கு முன்பாகக் கிராமத்தார் பார்க்க வேண்டும் என்ற விதியில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

நீங்களோ உங்கள் வீட்டாரோ பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்பவர்களாக இருந்தால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கலங்கிய ஓடையைப் பின்தொடர்ந்து போகும் படம் உங்கள் நிர்வாகத்தின் செம்பனைக் காட்டில் போய் முடியக்கூடும். அந்த நிலையில் ட்ரோனை ஓட்டுபவராகவும் அறிக்கையில் கையெழுத்திடுபவராகவும் வேறொருவர் இருப்பது நல்லது. இதைக் கிராமத்தாரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அரசு அனுமதிகள்

மலேசிய வான் போக்குவரத்து ஆணையத்தின் கீழ் வரும் 2016ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, சிறிய ட்ரோன்கள் தரையிலிருந்து 400 அடிக்கு, அதாவது ஏறக்குறைய 120 மீட்டருக்கு மேல் அனுமதியின்றிப் பறக்கக் கூடாது. படமெடுக்கும் கருவி பொருத்திய ட்ரோன், இயக்குபவரின் கட்டுப்பாட்டில் இல்லாத ஆட்கள், வாகனங்கள், கட்டடங்கள் ஆகியவற்றிலிருந்து 50 மீட்டருக்குள் வருவதற்கும் அனுமதி வேண்டும். வான்வழிப் படமெடுப்புக்கு நில அளவை, வரைபடத் துறையான ஜூப்பெமிடமும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கிராமத்துக்குள் நிகழ்ச்சியோ ஆய்வோ நடத்தச் செல்லும் வெளியார் பூர்வக்குடி மேம்பாட்டுத் துறையான ஜாக்கோவாவிடம் அனுமதி கேட்பது நடைமுறை. பாதை நிரந்தரக் காப்புக்காட்டின் ஊடாகச் சென்றால் மாநில வனத்துறையின் நுழைவு அனுமதியும் தேவைப்படும். இந்தக் கடிதங்கள் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதை முதற்கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். அனுமதியின்றி எடுத்த படம் பிறகு வழக்கில் எதிர்த்தரப்பின் கைக்கு ஆயுதமாகிவிடும்.

முதலில் செயற்கைக்கோள், பிறகு ட்ரோன்

ஒரு தெமியார் கிராமத்தின் பரம்பரை நிலம் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதும் பரந்திருக்கும். நூறு மீட்டர் உயரத்தில் பறக்கும் சாதாரண ட்ரோன், ஒரு பேட்டரிக்கு 20 முதல் 30 ஹெக்டேர் வரைதான் படமாக்கும். முழு நிலத்தையும் அதைக் கொண்டு எடுத்துவிட முயல்வது பணத்தையும் மனிதர்களின் நேரத்தையும் வீணாக்கும்.

பரந்த நிலத்தைப் பார்க்கச் செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. 2015 முதல் வரும் சென்டினல்-2 படங்களில் ஒரு புள்ளி (பிக்சல்) 10 மீட்டரைக் காட்டும். ஐந்து நாளுக்கு ஒருமுறை புதிய படம் வரும், மலைமேல் மேகம் இல்லாவிட்டால். லேண்ட்சாட் தொடரில் 30 மீட்டர் தெளிவுள்ள படங்கள் 1982 முதல் இருப்பதால், ஒரு மலைச்சரிவு எந்த ஆண்டில் வெட்டப்பட்டது என்பதை அவற்றை வரிசையாக வைத்துக் கண்டுபிடிக்கலாம். இப்படிப் பார்த்து மாற்றம் தெரியும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அந்த இடங்களுக்கும் கிராமத்தார் தேர்ந்தெடுத்துச் சொல்லும் இடங்களுக்கும் மட்டும் ட்ரோனை அனுப்புங்கள்.

பழைய வரைபடங்களையும் தேடிப் பாருங்கள். 1948 ஜூன் மாதம் இதே சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்து கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் பிறந்தது நம் ஊரார் அறிந்ததுதான். 1960 வரை நீடித்த அந்தக் காலத்தில் பூர்வக்குடியினர் பலர் காட்டிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு வேறிடங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்கள் விட்டுவந்த குடியிருப்புகள்மேல் இன்று மறுகாடு வளர்ந்திருப்பதால், புதிய படத்தில் அங்கே எதுவுமே தெரியாது. பழைய வரைபடத்தில் உள்ள ஓர் ஊர்ப் பெயரும், அதே இடத்தைச் சுட்டும் ஒரு முதியவரின் நினைவும் சேர்ந்தால்தான் அந்த இடைவெளி நிரம்பும்.

பறப்பைத் திட்டமிடுதல்

திருமண வீடியோ எடுப்பதற்கும் வரைபடத்துக்காகப் பறப்பதற்கும் உள்ள வேறுபாடு, கேமரா நேர்க்கீழே பார்த்தபடி இருக்க, ட்ரோன் வயலில் ஏர் ஓட்டுவதுபோல் வரிசை வரிசையாகப் போய்வருவதில் உள்ளது. ஒரு படம் முந்தைய படத்தின்மேல் 80 விழுக்காடும், பக்கத்து வரிசையின்மேல் 70 விழுக்காடும் படிய வேண்டும். அடர்ந்த காட்டில் காற்றில் இலைகள் அசைவதால் மென்பொருள் பொருத்தம் காணத் திணறும். அங்கே முன்படிவை 85 விழுக்காடாக உயர்த்துங்கள். ஓர் அங்குல உணரியும் 20 மெகாபிக்சலும் கொண்ட கேமராவாக இருந்தால், 100 மீட்டர் உயரத்தில் ஒரு புள்ளி ஏறக்குறைய 2.7 செ.மீ. தரையைக் காட்டும். தனி மரத்தை அடையாளம் காண இது தாராளமாகப் போதும்.

மலைப்பகுதியில் விபத்து பெரும்பாலும் உயரக் கணக்கில்தான் நேர்கிறது. பெரும்பாலான ட்ரோன்கள் காட்டும் உயரம், அவை கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. கீழே இருக்கும் தரையிலிருந்து அன்று. ஆற்றங்கரையில் கிளம்பி 100 மீட்டரில் பறக்கும் ட்ரோன், 60 மீட்டர் உயர்ந்த ஒரு முகட்டைக் கடக்கும்போது தரைக்கும் அதற்கும் இடையில் 40 மீட்டரே மிஞ்சும். நம் காடுகளின் துவாலாங் மரம் 70 மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. எனவே பறக்கப் போகும் பகுதியின் மிக உயர்ந்த முகட்டுக்கு அருகில் கிளம்புமிடத்தைத் தேடுங்கள், அல்லது நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றிப் பறக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். சமிக்ஞை அறுந்தால் தானாக வீடு திரும்பும் உயரத்தையும் அந்த முகட்டு மரங்களுக்கு மேலாக வைக்க வேண்டும். முகட்டிலிருந்து கிளம்பினால் பள்ளத்தாக்கின்மேல் 400 அடி வரம்பைத் தாண்டிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலைப் பனிமூட்டம் விலகிய பிறகும், மாலை இடிமழைக்கு வெகு முன்பும் உள்ள சில மணி நேரமே பறப்பதற்கு உகந்தது. மெல்லிய மேகம் சூரியனை மூடியிருந்தால் நிழல் குறைந்து படம் நன்றாக வரும். திசைகாட்டியைச் சரிசெய்யும்போது வண்டியிலிருந்தும் தகரக் கூரையிலிருந்தும் விலகி நில்லுங்கள். பருந்து வட்டமிட்டால் இறக்கிவிடுங்கள். இருவாசிகள் கூடு வைத்திருக்கும் மரத்தைக் கிராமத்தார் காட்டுவார்கள். அதை நெருங்க வேண்டாம். யானைகள் ட்ரோனின் இரைச்சலுக்கு மிரண்டு ஓடும் என்பதால், அவை நடமாடும் நாளில் பறப்பை ஒத்திவையுங்கள். மிரண்ட கூட்டம் ஓடும் திசையில் யாருடைய மரவள்ளித் தோட்டமாவது இருக்கும்.

தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள், அதாவது இருப்பிடத்தைத் துல்லியமாக அளந்து தரையில் இட்ட குறிகள், இல்லாத வரைபடம் பல மீட்டர் விலகி உட்காரும். வெள்ளை உரச்சாக்கை வெட்டி, 60 செ.மீ. நீளக் கைகள் கொண்ட சிலுவை வடிவில் தைத்து, திறந்த வெளியில் குறைந்தது ஐந்து இடங்களில், ஓரங்களில் நான்கும் நடுவில் ஒன்றுமாகப் பதியுங்கள். படத்தில் ஒவ்வொரு கையும் இருபது பிக்சல்களுக்கு மேல் நீண்டு தெரியும். கைப்பேசியின் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிசகும், மரத்தடியில் இன்னும் மோசமாகும். ஆகையால் நில அளவைக்கு உரிய கருவியை ஒரு நாளைக்காவது வாடகைக்கு எடுப்பது நல்லது. மீண்டும் வரும்போது அதே புள்ளியைக் கண்டுபிடிக்க, ஒவ்வோர் இடத்திலும் சிமெண்டில் ஒரு சிறு அடையாளம் பதித்துவிடுங்கள்.

ஆற்றைப் படமெடுக்கும்போது

தெளிந்த ஓடையும் கலங்கிய ஓடையும் சேரும் சங்கமத்தின் படம் ஒன்று, பக்கக்கணக்கில் எழுதும் புகாரைவிடத் தெளிவாகப் பேசும். மழை பெய்த மறுநாளும், மழையில்லாமல் சில நாள் கழிந்த பிறகும், ஒரே இடத்தில் ஒரே உயரத்தில் அதை எடுங்கள். கேமராவின் வெண்சமநிலையையும் ஒளியளவையும் தானியங்கியில் விடாமல் பூட்டிவையுங்கள். இல்லாவிட்டால் கேமராவே நிறத்தை மாற்றிக்கொள்ளும், இரண்டு நாள் படங்களை ஒப்பிட முடியாமல் போகும். உச்சிவெயிலில் நீர் பளபளத்து அடிநிறத்தை மறைக்கும் என்பதால் அந்த நேரத்தைத் தவிருங்கள். படத்தால் நீரின் நிறத்தைக் காட்ட முடியும், அதில் என்ன கலந்திருக்கிறது என்பதைக் காட்ட முடியாது. எனவே ட்ரோன் மேலே இருக்கும் அதே நேரத்தில், சங்கமத்துக்கு மேலேயும் கீழேயும் ஒருவர் நீர் மாதிரி எடுத்து, புட்டியில் இடமும் நேரமும் எழுதி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

கரையோரக் காப்புநிலத்தையும் அளந்து பாருங்கள். தீபகற்ப மலேசியாவில் வடிகால், நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டுதலின்படி, 40 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆற்றின் இரு கரைகளிலும் 50 மீட்டர் அகலத்துக்கும், 5 மீட்டருக்குக் குறைவான ஓடையில் 5 மீட்டருக்கும் காப்புநிலம் விட வேண்டும். இடைப்பட்ட அகலங்களுக்கு 10, 20, 40 மீட்டர் என்று அளவுகள் உள்ளன. செம்பனை நிரையின் கடைசி மரம் கரையிலிருந்து எத்தனை மீட்டரில் நிற்கிறது என்பதை வரைபடத்தில் ஒரு கோடு போட்டே சொல்லிவிடலாம்.

படத்தைப் படிப்பது

இலவச மென்பொருளான வெப்ஓடிஎம் சில நூறு படங்களைத் தைத்து ஒரே வரைபடமாக்கித் தரும். 16 ஜிபி நினைவகமுள்ள கணினி போதும். அதை கியூஜிஐஎஸ் மென்பொருளில் திறந்து குறிகள் இடலாம். இதில் சிரமம் அதிகம் இல்லை. இணையத்தில் பாடங்கள் ஏராளம்.

சிரமம் மரங்களை அடையாளம் காண்பதில் இருக்கிறது; அதில் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு சாதகமும் உண்டு. செம்பனையின் நட்சத்திர வடிவத் தலை எவருக்கும் தெரியும். பழைய ரப்பர் மரங்களோ மேலிருந்து காடு போலவே தோன்றும். ஆனால் பிப்ரவரி, மார்ச் வாக்கில் ரப்பர் இலை பழுத்து உதிரும்போது அந்தத் தலைகள் மஞ்சளும் செம்மையுமாக மாறி, பச்சைக் காட்டின் நடுவே தனித்துத் தெரியும். பால் குறைகிற அந்த மாதங்களைப் பெற்றோரிடம் கேட்டே தெரிந்துகொள்ளலாம். பூர்வக்குடியினர் சிறு அளவில் நட்ட ரப்பரை வரைபடத்தில் பிரித்துக் காட்ட அதைவிட நல்ல பருவம் இல்லை. மூங்கில் புதர்கள் வெளிர்பச்சை இறகுகளாகத் தெரிந்தால், அது முன்பு பயிரிட்டு ஓயவிட்ட நிலமாக இருக்கலாம். பெட்டாய், டுரியான் மரங்கள் காட்டு மரங்களோடு கலந்து நிற்பதால் அவற்றைப் படத்தில் மட்டும் பார்த்து முடிவுசெய்ய முயல வேண்டாம்.

இந்த மரங்கள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு வழக்கு விளக்கும். டெங்கிலுக்கு அருகில் புக்கிட் தம்போயில், விமான நிலைய நெடுஞ்சாலைக்காக நிலம் இழந்த தெமுவான் பூர்வக்குடி மக்களுக்காக சாகோங் தாசி தொடுத்த வழக்கில், 2002இல் ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் அவர்களின் மரபுவழி நில உரிமையை ஏற்றது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி கோபால் ஸ்ரீராம் வழங்கிய தீர்ப்பு அதை உறுதிசெய்தது. ஆயினும் உயர் நீதிமன்றம் அந்த உரிமையைக் குடியிருந்து பயிரிட்ட நிலத்தோடு நிறுத்தி, வேட்டைக்கும் காட்டுப் பொருள் சேகரிப்புக்கும் போய்வரும் காட்டை அதில் சேர்க்கவில்லை. ஆகவே ஒரு டுரியான் தோப்பு காடு என்று குறிக்கப்படுமா, நட்டு வளர்த்த தோப்பு என்று குறிக்கப்படுமா என்பதைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் நில எல்லையே மாறிவிடக்கூடும்.

எனவே வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சிட்டுக் கிராமத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். வடக்கை மேலே வைக்கும் வழக்கத்தை விட்டு, வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஆறு எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தைப் பார்த்துத் தாளை விரியுங்கள். காட்டை ஆற்றின் வழியாகவே அறிந்தவர்கள், திசை சரியாக அமைந்ததும் சங்கமத்தில் விரலை வைத்து, அங்கிருந்து ஓடை ஓடையாக மேலேறி, ஒவ்வொன்றின் பெயரையும் தாங்களே சொல்லத் தொடங்குவார்கள். தாளின்மேல் ஒளிபுகும் பிளாஸ்டிக்கை விரித்து, பெயர்களையும் தோப்புகளையும் அவர்கள் கையாலேயே குறிக்கச் செய்யுங்கள். இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. அதன் பிறகு குறித்த இடங்களுக்கு அவர்களோடு நடந்து போய், ஒவ்வொரு மரத்தையும் கல்லறையையும் ஜிபிஎஸ்ஸில் பதிந்து, நட்டவர் பெயரையும் அவர் இன்றைய குடும்பத்துக்கு என்ன உறவு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். முழு வேலையிலும் இந்த நடைக்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும், ஏனென்றால் முதியவர்கள் ஓய்ந்து ஓய்ந்துதான் நடப்பார்கள், ஓயும் இடங்களில்தான் முக்கியமானவற்றைச் சொல்வார்கள். தோட்டங்கள் கைமாறியபோது பழைய கோவிலும் மயானமும் வரைபடத்தில் இல்லை என்ற காரணத்தால் நம்மவர்கள் பட்ட பாட்டை அறிந்த எவருக்கும், இந்தப் பதிவின் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பாதுகாத்தலும் ஒப்படைத்தலும்

மூலப் படங்களில் எந்தத் திருத்தமும் செய்யாமல், எடுத்த அன்றே இரண்டு வன்தட்டுகளில் நகலெடுங்கள். திருத்தம் செய்வதென்றால் வேறொரு நகலில் செய்யுங்கள். பறப்புப் பதிவுக் கோப்பையும், ஒவ்வொரு படத்துக்குமான ஷா-256 சரிபார்ப்பு எண்ணையும் அவற்றோடு சேர்த்து வையுங்கள். படம் மாற்றப்படவில்லை என்பதைப் பின்னாளில் காட்ட அந்த எண் உதவும். 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு, கணினி உருவாக்கிய ஆவணங்களை நீதிமன்றம் ஏற்கும் முறையைக் கூறுகிறது. அதற்குரிய சான்றிதழில் கையெழுத்திடப் பொறுப்பானவர் யார் என்பதை வழக்கறிஞரைக் கேட்டு முதலிலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

ஒரு வன்தட்டு கிராமத்தில் இருக்கட்டும். ஈரம் ஏறாமலிருக்க, மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா பொட்டலங்களோடு வைத்துக் கொடுங்கள். இன்னொன்று கிராமத்தார் நம்பும் வழக்கறிஞரிடமோ அமைப்பிடமோ இருக்கட்டும். உங்கள் மடிக்கணினியில் உள்ளதைக் கிராமத்தார் கேட்டபடி அழித்துவிட்டு, அழித்த நாளை எழுதிக் கொடுங்கள். இவற்றோடு பெரிய அச்சு வரைபடம் ஒன்று, சம்மதக் கடிதத்தின் நகல், அனுமதிக் கடிதங்கள், பறப்புத் திட்டக் கோப்பு ஆகியவற்றையும் ஒப்படைக்க வேண்டும். கிராமத்து இளைஞர்களுள் இருவரையாவது முதல் நாளிலிருந்தே கூட வைத்துப் பழக்கியிருந்தால், அடுத்த பிப்ரவரியில் அதே சிமெண்டுப் புள்ளிகளின்மேல், அதே திட்டக் கோப்பைக் கொண்டு, அவர்களே பறக்கவிட்டு இந்த ஆண்டின் படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ள முடியும்.